வருஷக்கணக்கில் தரையிறங்காத ஆலா

வந்த கேள்வி இது: "ஒரு கடற்பறவை பிறந்த தீவை விட்டுக் கிளம்பினால் மூன்று நான்கு வருடம் எங்கேயும் உட்காராமல் பறந்துகொண்டே இருக்கும் என்று படித்தேன். நம்பலாமா? அது எப்படி இருக்கும், எங்கே வாழும், நம் கடலில் பார்க்க முடியுமா?"

நம்பலாம், ஒரு சின்னத் திருத்தத்தோடு. அந்தத் திருத்தத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் படித்தது ஆங்கிலத்தில் சூட்டி டெர்ன் என்கிற பறவையைப் பற்றி. டெர்ன் வகைப் பறவைகளுக்கு நம் கடற்கரையில் ஆலா என்று பெயர். சூட்டி என்றால் அடுப்புக்கரி படிந்தது. ஆகவே இங்கே கரி ஆலா என்று எழுதுகிறேன். அறிவியல் பெயர் ஓனிக்கோபிரியன் ஃபஸ்கேட்டஸ். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1766-ல் இதற்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாக இருந்தது உடம்பு முழுக்கப் பழுப்பாக இருக்கும் இளம்பறவை. அதனால்தான் 'கருத்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பறவையில் பாதி உடம்பு பளீர் வெள்ளை!

'சோத்துக்கு ஆலாப் பறக்கிறான்' என்று நாம் சொல்கிறோமே, அது இந்த ஆலாக்களைப் பார்த்து வந்த வழக்கு என்றுதான் பறவை பார்ப்பவர்கள் பலரும் சொல்வோம். கரையோரம் நாம் பார்க்கிற ஆலாக்கள் கொஞ்ச நேரம் பறந்து இரை தேடிவிட்டு, மணல்திட்டிலோ வலைக்கம்பிலோ உட்கார்ந்துவிடும். நிஜமாகவே ஆலாப் பறப்பது இந்தக் கரி ஆலாதான்.

முதலில் தோற்றம். நான் இதைக் கையில் பிடித்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை. தூத்துக்குடிப் பக்கம், புயல் ஓய்ந்த மறுநாள் காலை, உப்பளத்து வரப்பு ஓரமாக ஒரு பறவை இறக்கையைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. பாத்திக்காரர் ஒருவர் காக்கை என்று நினைத்து ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். மேலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உச்சந்தலை, முதுகு, இறக்கையின் மேற்பக்கம் எல்லாம் ஒரே கறுப்பு. திருப்பிப் பிடித்தால் தொண்டையிலிருந்து வயிறுவரை வெள்ளைவெளேர். நெற்றியில் விபூதிப் பட்டை போல வெள்ளை, அது கண்ணுக்கு மேலே வந்து சட்டென்று நின்றுவிடுகிறது. அலகடியிலிருந்து கண்ணுக்கு மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அலகும் காலும் கறுப்பு. வால் ஆழமாகப் பிளந்து, இரு ஓரத்து இறகுகளும் ஊசி போல நீண்டு, வெளிவிளிம்பில் வெள்ளை. ஆண், பெண் வித்தியாசம் பார்த்துச் சொல்ல முடியாது.

என்னை ஆச்சரியப்படுத்தியது எடைதான். அலகு முதல் வால்வரை ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட, விரித்த இறக்கை மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் கனமே இல்லை. நல்ல உடம்போடு இருக்கும் பறவையே 150 முதல் 240 கிராம்வரைதான். பட்டினி கிடந்த அது ஒரு வெறும் காகிதப் பெட்டி மாதிரி இருந்தது. கால்கள் உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவுக்குக் குட்டை. விரலிடையில் சவ்வு உண்டு. வாத்துக்கு இருப்பது போல நீந்தத்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏனென்றால், கேள்விக்கான பதிலே இங்கேதான் இருக்கிறது. இந்தப் பறவையின் இறகு தண்ணீரைத் தடுக்காது. கடற்காகம் கடலில் மிதந்தபடி தூங்கும், அதன் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும், ஆனால் அது கரைக்கு வந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொள்ளும். கரி ஆலாவுக்கு இரண்டும் இல்லை. நனைந்தால் ஊறிப்போகும், சுற்றிலும் பல நூறு மைலுக்குக் கரை கிடையாது. அப்படிப்பட்ட ஒரு பறவை நடுக்கடலில் வாழ்கிறது என்றால் அது காற்றில்தான் வாழ வேண்டும். தூக்கமும் அங்கேதான். இதே போன்ற வாழ்க்கை வாழும் ஃபிரிகேட் பறவைகளின் தலையில் சிறு கருவி பொருத்தி, காலாபகஸ் தீவுகளில் மூளை அலையை அளந்தார்கள். 2016-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பறக்கும்போது நாளொன்றுக்குச் சுமார் 42 நிமிடம் தூங்குகின்றன. அதுவும் சில விநாடிகள் வீதம், பெரும்பாலும் மூளையின் ஒரு பாதி மட்டும். கரி ஆலாவும் ஏறக்குறைய இந்த வழியில்தான் சமாளிக்க வேண்டும்.

இப்போது அந்தத் திருத்தம். 'தண்ணீரையே தொடாது' என்று சிலர் எழுதுவது மிகை. இந்தியப் பெருங்கடலில் இவற்றின் காலில் கட்டிய பதிவுக் கருவிகளைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது, நேரத்தில் ஒரு சிறு பகுதி கால் நீரில் பட்டிருப்பது தெரிந்தது. மிதந்து வரும் கட்டை, பலகை கிடைத்தால் உட்காரவும் செய்யும். ஆனால் நாள், வாரம், மாதம் என்று கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட முழு வாழ்க்கையும் ஆகாயத்தில்தான். வருஷக்கணக்கில் நிலத்தில் கால் வைக்காது என்பதில் சந்தேகமில்லை.

சரி, நீரில் இறங்க முடியாத பறவை மீனை எப்படிப் பிடிக்கும்? மற்ற ஆலாக்கள் பலவும் மேலிருந்து அம்பு போலப் பாய்ந்து முங்கி மீனெடுக்கும். கரி ஆலா முங்குவதில்லை. தாழப் பறந்து வந்து, அலையின் மேல்தோலில் துள்ளுகிற சிறு மீனையும் ஊசிக்கணவாயையும் அலகால் கவ்விக்கொண்டு மேலே போய்விடும். சில சமயம் கோலா மீன் தண்ணீரை விட்டு எழும்பும்போது காற்றிலேயே பிடிக்கும். ஆனால் ஆழ்கடலில் சிறு மீன் சும்மா மேலே வந்து நிற்குமா? யாராவது கீழேயிருந்து விரட்ட வேண்டும். விரட்டுவது சூரை, ஆங்கிலத்தில் டூனா என்கிற மீன்.

ஒரு முறை விசைப்படகில் போயிருந்தேன். கரை மறைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது, ஒரு பறவை கிடையாது. பின்பக்கம் நின்ற பையன் திடீரென்று கையை நீட்டினான். "அண்ணாச்சி, அங்க பாருங்க, ஆலா அடிக்குது. கீழ சூரை நிக்கும்." எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலரில் பார்த்தால் தொடுவானத்தில் மிளகு தூவினது போலப் புள்ளிகள் சுழல்கின்றன. பக்கத்தில் போனதும் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கொதித்தது. சிறு மீன்கள் சில்லறை வீசியது போலத் தெறித்தன, அவற்றுக்கு அடியில் சூரையின் முதுகு நீலமாகப் புரண்டது, மேலே ஆலாக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாத குறையாக இறங்கி ஏறின. நாலைந்து நிமிடம்தான். சூரை கீழே இறங்கியதும் கொதிப்பு அடங்கியது, பறவைகளும் கலைந்தன. அந்தப் பையனுக்கு எந்த ஆலா என்ன இனம் என்பது பற்றிக் கவலையில்லை. எனக்கோ படகு ஆடிய ஆட்டத்தில் நெற்றியைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் கரி ஆலா எத்தனை என்று என் குறிப்பேட்டில் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

சிறுமீனுக்கு இரண்டு பக்கமும் சாவு. மேலே வந்தால் ஆலா, கீழே போனால் சூரை. சூரைக்கு ஆலாவால் லாபமில்லை. ஆலாவுக்கோ சூரை இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. மீனவர்கள் இந்த உறவை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் தூண்டிலில் சூரை பிடிப்பவர்கள் பறவைக் கூட்டத்தைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவார்கள். நம் சமையலறையில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக்கருவாடு அந்தச் சூரையிலிருந்து வருவதுதான். இன்று பெரிய சூரைக் கப்பல்களில் பறவைக் கூட்டத்தைத் தொலைவிலேயே கண்டுபிடிக்க ரேடாரே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டும் பறவைக்கே இது வினையாக முடியலாம். சூரை குறைந்தால் சிறுமீனை மேலே விரட்ட ஆளில்லை.

எங்கே வாழ்கிறது என்றால், மூன்று பெருங்கடல்களின் வெப்ப மண்டலம் முழுவதும். இரண்டு கோடிக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். வெப்ப மண்டலக் கடற்பறவைகளில் எண்ணிக்கையில் இதற்கு இணை குறைவு. நாம் பார்த்ததில்லை என்றால் அதற்குக் காரணம் அது நம் பக்கம் வருவதில்லை என்பதுதான். முட்டையிட மட்டும் நிலம் வேண்டும். அதற்குப் பெருங்கடல் நடுவில், நரியும் பூனையும் இல்லாத, மரம் அடராத சிறு தீவுகளைத் தேர்ந்தெடுக்கிறது. பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டி, அட்லாண்டிக்கில் அசென்ஷன், ஃபுளோரிடாவுக்கு மேற்கே டிரை டார்ட்டுகாஸ், இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுகள் என்று பட்டியல் நீளும். செஷல்ஸின் பேர்ட் தீவில் மட்டும் லட்சக்கணக்கான ஜோடிகள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீவு முழுக்க ஒரு காலத்தில் தென்னந்தோப்பு. ஆலாவுக்கு வெட்டவெளி வேண்டும் என்பதால் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து போயிருந்தது. தென்னையை வெட்டி இடம் விட்ட பிறகுதான் பழையபடி பெருகியது. மரம் வெட்டினால் பறவை அழியும் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் நெருடும்.

இனப்பெருக்கம்தான் இந்தப் பறவையிடம் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் ஊர்ப் பறவைகளுக்குப் பருவம் உண்டு, வருடத்துக்கு ஒரு முறை என்று கணக்கு. அசென்ஷன் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. அங்கே கோடையும் குளிரும் பெயரளவுக்குத்தான். அங்குள்ள கரி ஆலாக்கள் 12 மாதத்துக்கு ஒரு முறை வராமல், சராசரியாக 9.6 மாதத்துக்கு ஒரு முறை கூடுகின்றன. நான்கு வருடத்தில் ஐந்து முறை. ஏறத்தாழ பத்துப் பௌர்ணமி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவோடு சேர்த்து இதை விளக்கியவர்களும் உண்டு. முட்டையிட்டு, குஞ்சை அனுப்பி, இறகை உதிர்த்துப் புதிதாக முளைக்கவைத்து, மறுபடி தயாராக எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவுதான். காலண்டர் பார்க்க அவசியமில்லாத இடத்தில் உடம்பின் கணக்கே காலண்டர். கிரிட்டிமாட்டியில் இன்னொரு மாதிரி: வருடத்தில் இரண்டு பருவம், முதலாவதில் குஞ்சை இழந்தவை ஆறு மாதத்தில் திரும்பி வந்து மீண்டும் முயலும். செஷல்ஸில் வருடம் ஒரு முறைதான், தென்கிழக்குக் காற்று வீசும் காலத்தில், ஜூன் வாக்கில் முட்டை. ஒரே பறவை, மூன்று கடல், மூன்று கணக்கு!

முட்டையிடுவதற்குப் பல வாரம் முன்பிருந்தே இரவில் தீவுக்கு மேல் வந்து வட்டமிடத் தொடங்கும். விடியும் முன் போய்விடும். பகலில் பார்த்தால் வெறும் தீவு, ராத்திரியில் தலைக்குமேல் ஆயிரக்கணக்கில் கூச்சல். பிறகு மெதுவாகத் தரையிறங்கிக் கும்பலாக நிற்கும். அசென்ஷனில் ஆய்வு செய்தவர்கள் இதற்கு 'நைட் கிளப்' என்றே பேர் வைத்தார்கள். அந்தக் கூச்சல் 'வைட்-அ-வேக், வைட்-அ-வேக்' என்று ஆங்கிலேயர் காதில் விழுந்திருக்கிறது. 'நல்லா முழிச்சிருக்கு' என்று அர்த்தம். தூங்க விடாத பறவைக்குப் பொருத்தமான பெயர். அந்தத் தீவில் இன்றும் பறவையின் பெயர் வைட்அவேக்தான்.

கூடு என்று ஒன்று கிடையாது. மணலிலோ சரளையிலோ நெஞ்சால் தேய்த்த ஒரு சின்னக் குழி. அதில் ஒரே ஒரு முட்டை. வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பு, சந்தன நிறம்வரை அடிநிறம் மாறும், மேலே செம்பழுப்புத் தீற்றல்கள். ஒன்று போல ஒன்று இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தை நீட்டினால் கொத்த முடியாத தூரம், அதுதான் வேலி, இரண்டடிகூட இருக்காது. மனிதன் நடுவே நடந்தால் அவன் மண்டையில் ஒரு கொத்து நிச்சயம். அடைகாப்பு 28 முதல் 30 நாள், தாயும் தந்தையும் முறை வைத்து. இந்த 'முறை' நம் ஊர் முறை இல்லை. அசென்ஷனில் ஒன்று கடலுக்குப் போனால் ஐந்தாறு நாள் கழித்துத் திரும்பும். அதுவரை மற்றது சோறு தண்ணி இல்லாமல் கொதிக்கிற வெயிலில் முட்டையின் மேல் நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். வெயிலில் விட்டால் முட்டை வெந்துவிடும். உட்கார்வதே சூடேற்ற என்று நினைப்போம், அங்கே பகலில் அது குடை.

கரையோர ஆலாக்கள் ஒரு மீனை அலகில் கவ்விக்கொண்டு வந்து குஞ்சுக்குக் கொடுக்கும். பத்து நிமிடப் பயணம்தானே. கரி ஆலா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வருவதால் ஒற்றை மீனைச் சுமந்து வருவது கட்டுப்படியாகாது. வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து கக்கி ஊட்டுகிறது. சாப்பாடு அரிதாக வருவதால் குஞ்சும் மெதுவாகத்தான் வளரும். கரையோர ஆலாக் குஞ்சு நாலு வாரத்தில் பறந்துவிடும். இதற்கு இரண்டு மாதம். அத்தனை ஆயிரம் குஞ்சுகள் ஒன்றாக ஓடித் திரியும் இடத்தில், கடலிலிருந்து திரும்பும் தாய் தன் குஞ்சைக் கண்டுபிடிப்பது குரலால். வேறு குஞ்சு வாயைத் திறந்தால் கொத்து விழும்.

இறகு முளைத்த குஞ்சு பார்க்க வேறு பறவை மாதிரி இருக்கும். உடம்பு முழுக்கக் கருமை கலந்த பழுப்பு, முதுகில் மட்டும் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். இது ஒரு நாள் கிளம்பிவிடும். நீங்கள் கேட்ட அந்த வருஷக்கணக்குப் பயணம் அன்று ஆரம்பிக்கிறது. டிரை டார்ட்டுகாஸில் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்ட வில்லியம் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர், அங்கே பிறந்த இளம்பறவைகள் அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவரை போவதை 1969-ல் வெளியிட்டார். வளர்ந்தவை அவ்வளவு தூரம் போவதில்லை, மெக்சிகோ வளைகுடா, கரீபியன் பக்கமே சுற்றும். வழி சொல்லிக்கொடுக்கப் பெரியவர் யாரும் கூட வராமல், இரண்டு மாதப் பறவை ஒரு பெருங்கடலைத் தாண்டுகிறது. சில பறவைகள் இரண்டு மூன்று வயதில் பிறந்த தீவுப் பக்கம் எட்டிப் பார்க்கும். முட்டையிடுவது நாலு வயதுக்குப் பிறகு, பெரும்பாலும் ஆறு ஏழு வயதில். பத்து வயதுவரை தள்ளிப்போடுபவையும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரே முட்டை போடுகிற பறவை இவ்வளவு தாமதிப்பது கட்டுப்படியாவது ஆயுளால்தான். முப்பது வயதைத் தாண்டிய வளையப் பறவைகள் கிடைத்திருக்கின்றன.

வழி கண்டுபிடிக்கும் திறமையைப் பற்றி ஒரு பழைய கதை. 1907-ல் ஜான் வாட்சன் என்ற இளம் உளவியல் ஆய்வாளர் டார்ட்டுகாஸ் தீவில் தங்கி இந்த ஆலாக்களையும் அவற்றின் உறவான நோடிப் பறவைகளையும் கவனித்தார். சிலவற்றுக்குச் சாயம் பூசி, கப்பலில் ஏற்றி, அமெரிக்கக் கிழக்குக் கரையில் சுமார் 1,370 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஹட்டராஸ் முனையில் விடச் செய்தார். ஓரிரண்டு வாரத்துக்குள் சில பறவைகள் தங்கள் கூட்டுக்கே திரும்பிவிட்டன. பிற்பாடு இதே வாட்சன்தான் மனிதனின் நடத்தை எல்லாம் பழக்கிவிடுவதால் வருவது என்று உளவியலில் பெரிய கட்சியே தொடங்கினார். யாரும் பழக்காமல் வீடு திரும்பிய பறவைகளைக் கண்ணால் பார்த்த மனிதர் அப்படிச் சொன்னது எனக்கு இன்றும் புரியாத விஷயம். அவர் வேலை பார்த்த பேர்ட் கீ என்ற மணல்திட்டைப் பின்னர் புயலும் அலையும் கரைத்துவிட்டன. பறவைகள் பக்கத்துப் புஷ் கீ திட்டுக்குக் குடிபெயர்ந்தன.

ஆகாயத்தில் இதற்கு எதிரி குறைவு. ஆபத்தெல்லாம் தரையில் கால் வைத்த பிறகுதான். ஃபிரிகேட் பறவை குஞ்சைத் தூக்கிப்போகும், அது ஆதியிலிருந்து நடப்பது. மனிதன் கொண்டுவந்த பூனையும் எலியும் வேறு கதை. அசென்ஷனில் 1815-க்குப் பிறகு வந்த பூனைகள் கடற்பறவைகளைத் தின்று தீர்த்தன. கடைசிப் பூனையை 2004-ல் பிடித்து, 2006-ல் பூனையற்ற தீவு என்று அறிவித்தார்கள். அதன் பிறகும் முட்டையை உடைத்துக் குடிக்க அங்கே இன்னொரு ஆள் இருக்கிறது: நம் ஊர் மைனா! பூச்சியைத் தின்னட்டும் என்று கொண்டுபோய் விடப்பட்டது. மாமரத்தில் உட்கார்ந்து கத்தும் நம் அப்பாவி மைனா, அங்கே வில்லன்.

அதே அசென்ஷனில் 1942-ல் அமெரிக்க ராணுவம் விமானதளம் போட்டது. ஓடுபாதையின் கோடியில் ஆலாக் குடியிருப்பு. விமானம் கிளம்பும் சத்தத்தில் பறவைகள் மேகமாக எழும்பும், விமானத்தில் மோதும். புகை போட்டுப் பார்த்தார்கள், வெடி வைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. பறவையியலாளர் ஜேம்ஸ் சேப்பினைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அந்த இடத்தில் இடும் முட்டைகளை விடாமல் அழித்தால் தானாக வேறிடம் போய்விடும் என்று சொன்னார். அப்படியே செய்தார்கள், பறவைகள் இடம் மாறின. ஆனால் தளத்துக்குப் பெயர் மட்டும் வைட்அவேக் விமானதளம் என்று பறவையின் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-களில் செஷல்ஸ் பேர்ட் தீவில் ஒரு பகுதியில் ஆயிரக்கணக்கான பறவைகள் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போயின. பார்த்தால் உண்ணி, அதுவும் வைரஸ் சுமந்த உண்ணி. 1982 கடைசியில் கிரிட்டிமாட்டியிலிருந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் கடற்பறவைகள், பெரும்பாலும் கரி ஆலா, குஞ்சுகளைச் சாகவிட்டுக் காணாமல் போயின. எல் நீனோவால் கடல் சூடாகி, இரை அடியோடு இல்லாமல் போனதுதான் காரணம். கொடுமையாகத் தோன்றும். முப்பது வருடம் வாழும் பறவைக்கு ஒரு வருடக் குஞ்சை விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது கணக்குப்படி சரி. மீண்டும் வந்து முட்டையிட்டன. அசென்ஷன் நிலவரம்தான் கவலைக்குரியது: 1960-களிலிருந்து பார்த்தால் அங்கே நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்துவிட்டது. பழைய இறகுகளையும் புதிய இறகுகளையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டவர்கள், மீன் குறைந்து தரம் தாழ்ந்த இரைக்கு மாறியிருப்பதாகச் சொல்கிறார்கள். பூனை போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு அடி.

முட்டையை மனிதனும் தின்கிறான். செஷல்ஸில் இது பருவகாலப் பலகாரம் மாதிரி, மஞ்சள்கரு ஆரஞ்சுச் சிவப்பில் இருக்கும். ஓர் இடத்தில் கிடக்கும் முட்டையை எல்லாம் முதலில் அப்புறப்படுத்திவிட்டு, மறுநாள் புதிதாக இட்டதை மட்டும் பொறுக்குவது அவர்கள் வழக்கம். அப்போதுதான் எல்லாம் புது முட்டை என்பது உறுதி. எனக்கு அதில் ஆசை இல்லை, அவர்களைக் குறை சொல்லவும் மனமில்லை.

அப்புறம், கடைசிக் கேள்வி: நம் கடலில் பார்க்க முடியுமா? இந்தியாவில் இது முட்டையிடும் இடங்களில் பெயர்போனது லட்சத்தீவின் பிட்டி. கவரத்திக்கு வடமேற்கே சுமார் 24 கிலோமீட்டரில் உள்ள மணல்திட்டு, மூன்று ஏக்கர்கூடத் தேறாது. மரம் கிடையாது, மனிதக் குடியிருப்பு கிடையாது. கரி ஆலா, நோடி, பெரிய கொண்டை ஆலா மூன்றும் அங்கே குடும்பம் நடத்துகின்றன. தமிழகக் கரையில் நின்றுகொண்டு இதைப் பார்ப்பது அதிர்ஷ்டம். தென்மேற்குக் காற்று உரக்க வீசும் ஜூன் முதல் செப்டம்பர்வரை கடற்கரை முனைகளில் தொலைநோக்கியோடு நின்றால் வாய்ப்பு உண்டு. புயல் கடந்த மறுநாள் இன்னும் நல்ல வாய்ப்பு. கடலில் இறங்கி இளைப்பாற முடியாத பறவை என்பதால், காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போயாக வேண்டும். கேரளத்திலும் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் கடலே இல்லாத ஊர்களின் ஏரிகளிலும் மொட்டைமாடிகளிலும் இது விழுந்திருப்பது அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. ராமர் பாலத்து மணல்திட்டுகளிலும் தனுஷ்கோடிப் பக்கமும் இதற்கு அண்ணன் தம்பி போல ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் பிரைடில்ட் டெர்ன். பத்துப் பேர் கரி ஆலா என்று படம் அனுப்பினால் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். நெற்றியைப் பாருங்கள். வெள்ளை கண்ணோடு நின்றால் கரி ஆலா. கண்ணைத் தாண்டிப் புருவம் போல ஒல்லியாகப் பின்னால் ஓடினால் மற்றது. முதுகு தலையின் கறுப்போடு ஒன்றாகக் கலந்தால் கரி ஆலா. முதுகு சாம்பல் கலந்த பழுப்பாக இருந்து, உச்சந்தலைக் கறுப்பு தனியாகத் தொப்பி போலத் தெரிந்தால் மற்றது.

விழுந்து கிடக்கும் பறவை கிடைத்தால் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். உப்பளத்தில் கிடந்த என் பறவைக்கு அதைச் செய்ய வந்தவரைத் தடுப்பதே பெரும்பாடாக இருந்தது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலகு கண்ணைக் குறிபார்க்கும், முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். ஒரு படம் எடுப்பதானால் பக்கவாட்டில், நெற்றி தெரிய எடுங்கள். நான் அன்று பதற்றத்தில் எடுத்த நாலு படத்திலும் முதுகுதான் இருக்கிறது.